சாத்தானுக்கு அளவுச் சட்டை

பிப்ரவரி 2, திங்கள்

இன்று உபவாச ஜெபம் தொடங்கியது. சபையின் கன்வென்ஷன் கூட்டங்கள் முடிகிற வரைக்கும் இருபத்தொரு நாள். பகல் மூன்று மணி வரை தண்ணீர் தவிர வேறு எதுவும் கிடையாது. சபையில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்கள். அன்றன்று வந்த சோதனை என்ன, அதை எப்படி ஜெயித்தோம் என்று எழுத வேண்டுமாம். கடைசி நாளில் ஆண்கள் நோட்டைப் பாஸ்டர் ஐயாவும் பெண்கள் நோட்டைப் பாஸ்டரம்மாவும் வாங்கி வாசிப்பார்கள்.

ஆகையால் வாசிக்கப்போகிற பாஸ்டரம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் எப்சிபாய். வயது முப்பத்தாறு. சபைப் பெண்களுக்கு வெள்ளை ரவிக்கை தைக்கிறவள். நகை போட்டதில்லை, பூ வைத்ததில்லை, கலர் சேலை கட்டியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் பக்கம் பாதியில் நின்றால் எனக்குப் பிடிக்காது என்பதால் எழுதினேன்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா கூப்பிட்டார்கள். வடக்கே காட்டுப் பக்கம் ஊழியம் செய்கிற சகோதரர் ஒருவர் பெண் தேடுகிறாராம். என்னைச் சொல்லியிருக்கிறார்கள். "கன்வென்ஷன் முடியுததுக்குள்ள கர்த்தருடைய சித்தம் என்னன்னு கேட்டு ஒரு பதில் சொல்லும்மா" என்றார்கள். கேட்கிறேன் என்றேன்.

சோதனை: பக்கத்துக் கடையில் மஸ்கோத் அல்வா கிண்டினார்கள். தேங்காய்ப்பால் வாசனை தையல் மெஷின் வரைக்கும் வந்தது.
ஜெயம்: ஜன்னலைச் சாத்தினேன். (புழுக்கம் தாங்காமல் பத்து நிமிஷத்தில் திறந்தேன்.)

பிப்ரவரி 4, புதன்

கன்வென்ஷன் நாடகத்துக்குக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் ஆசீர் பிரதர் எழுதியிருக்கிறார். ஒரு பெண் சபைக்குப் போகிறாள். வழியில் சாத்தான் நின்றுகொண்டு பூ, வளையல், சினிமா டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். அவள் மசியவில்லை. சாத்தான் ஓடுகிறான். அவ்வளவுதான் கதை. நடுவில் ஏழு பாட்டு.

பெண்ணாக நடிக்க ஆசீர் பிரதர் மகள் பெர்சியாள் தயார். சாத்தானாக நிற்கத்தான் ஆள் இல்லை. ஒருத்தருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தர் வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எல்லோரும் தலையைக் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஜெபநேசன் பிரதர் எழுந்தார்.

"நான் நிக்கேன் ஐயா. எனக்கு வீட்டுல ஏசுததுக்கு ஆள் கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, இருமினேன்.

அவர்தான் அல்வாக் கடைக்காரர். வேறு சபையிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. மனைவி இறந்து ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை.

அடுத்து சாத்தானுக்கு என்ன உடுப்பு என்று பேச்சு வந்தது. ஆசீர் பிரதர் கறுப்பு என்றார். "கறுப்புன்னா இங்கன உக்காந்திருக்க நாம அத்தனை பேரும் சாத்தான்தான் பிரதர்" என்றார் ஜெபநேசன். கொம்பு வைக்கலாமா என்று கேட்டதற்கு, கொம்பு மாட்டுக்கு இருக்கட்டும் என்று பாஸ்டரம்மா முடித்துவிட்டார்கள். கடைசியில் பாஸ்டர் ஐயா சொன்னார்கள்: "சிவப்பு. நல்ல கண்ணைப் பறிக்குத சிவப்பு. சோதனை அழகாத்தான் வரும். அங்கி வேண்டாம், அது தேவதூதனுக்கு. இவனுக்குப் பாம்புத் தோல் மாதிரி ஒடம்போட ஒட்டி இருக்கணும்."

தைக்கிற பொறுப்பு எனக்கு.

பிப்ரவரி 6, வெள்ளி

துணி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போனேன். எப்போதும் வெள்ளைத் துணி அடுக்கியிருக்கிற பக்கம் போய், ஐந்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இன்று கடைக்காரரிடம் சிவப்பு வேண்டும் என்று சொல்ல நாக்கு கொஞ்சம் தடுமாறியது. அவர் ஒன்பது சிவப்பை விரித்துப் போட்டார். சிவப்பில் ஒன்பது இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒன்று மிளகாய் வற்றல், ஒன்று மாதுளை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஆரஞ்சு ஓடுகிறது.

ஊழிய விஷயமானதால் அவசரப்படவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று மீட்டர் போதும். வெட்டும்போது தப்பிப்போனால் என்ன செய்வது என்று, ஆரஞ்சு ஓடுகிற அந்தச் சிவப்பில் நாலு மீட்டர் எடுத்தேன், மாதுளையிலும் கால் மீட்டர். நான் வெட்டி இதுவரை தப்பியதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நன்றாக இருந்தது. ஜெபநேசன் பிரதர் சுருதி சேராமல் பாடுகிறார். ஆண்கள் பக்கம் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாலும் தனியாகக் கேட்கிறது. பாஸ்டரம்மா, யாராவது அவரிடம் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

அளவு எடுப்பதில் ஒரு சிக்கல். சிஸ்டர் நாடாவைப் பிடித்துக்கொண்டு பிரதரை அளக்க முடியாது. அது நம் சபையில் வழக்கமில்லை. அதனால் அளவுச் சட்டை ஒன்று வாங்கித் தரும்படி பாஸ்டரம்மாவைக் கேட்டேன். சாயங்காலமே செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார்கள்.

சந்தன நிறச் சட்டை. இஸ்திரி போட்டு மடித்தது மடித்தபடி இருக்கிறது. தோள் பதினேழு, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்துநாலரை. ஆளைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. ஆனால் நான் ஆளைப் பார்க்கிறவள் இல்லை, சட்டை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. என்னிடம் அதே நிறத்தில் பொத்தான் இருந்தது. தைத்தேன். நாளை சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாத்தானுடைய துணி எப்படி இருக்கிறது என்று எச்சரிக்கையாகப் பார்த்துப்போக ஆறு சிஸ்டர்மார் வந்தார்கள். எல்லோருக்கும் விரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. கெத்சியாள் அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். என்னக்கா என்றால், "சூடா இருக்கான்னு பாத்தேன்ட்டி" என்கிறாள். ஒருத்தி தோளில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அருவருப்பு" என்று சொன்னாள். சொன்னவள் உடனே எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நானும் தோளில் போட்டுப் பார்த்தேன். விழுகிற அழகு தெரிந்தால்தானே வெட்ட முடியும்.

சட்டையை நாளை அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒரு தப்பு நடந்துவிட்டது. வெட்டுவதற்கு முன் துணி சுருங்குமா என்று பார்க்க வாளியில் நனைத்தேன். அதே வாளியில் என் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை ஊறிக்கொண்டிருந்ததை மறந்துபோனேன். இருபது வருஷமாகத் துணியோடு கிடக்கிறவள் செய்கிற காரியமா இது. எடுத்துப் பார்த்தால் சேலை முழுக்க இளஞ்சிவப்பு. திட்டுத்திட்டாகக்கூட இல்லை. சாயப்பட்டறையில் கொடுத்து வாங்கினது போல ஒரே சீராக ஏறியிருக்கிறது.

மூன்று தண்ணீர் அலசினேன். போகவில்லை. இன்னும் இரண்டு தண்ணீர் அலசியிருக்கலாம்.

கொல்லைப்புறம் காயப்போட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெபநேசன் பிரதர் அல்வா உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேலையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், சேலைக்கு வெக்கம் வந்துட்டோ?"

"எல்லாம் உங்களாலதான் பிரதர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் கையில் தேங்காய் நார் அப்படியே நின்றது. "உங்க வேஷத்துத் துணியாலன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இரண்டு தடவை முகம் கழுவினேன்.

சோதனை: கோபம், சாயம் போகிற துணியை விற்ற கடைக்காரர் மேல்.
ஜெயம்: மன்னித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வடக்கே இருக்கிற சகோதரரிடமிருந்து பாஸ்டர் ஐயா மூலம் கடிதம் வந்தது, படத்தோடு. நல்ல முகம். ஒல்லியான ஆள், வெயிலில் அலைந்தவர் என்று தெரிகிறது. கடிதத்தில் வளைத்துப் பேசவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியுமா, இந்தி படிக்க மனம் உண்டா, கோதுமை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறார். அதிகம் பேசாதவளாக இருந்தால் நலம் என்றும் எழுதியிருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர்.

படத்தைப் பத்திரமாகத் தையல் மெஷின் பாபின் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

சட்டையை அனுப்ப வேண்டும். இன்று மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டது.

பிப்ரவரி 18, புதன்

ஒத்திகை. பாஸ்டர் ஐயாவுக்கு மனக்கஷ்டம்.

சாத்தான் வந்து நின்றதும் சின்னப் பிள்ளைகள் பயந்து அம்மாவிடம் ஓட வேண்டும். பிள்ளைகள் சாத்தானிடம் ஓடின. ஜெபநேசன் பிரதர் சட்டைப்பையில் எப்போதும் அல்வாப் பொட்டலம் இருக்கும் என்று அதுகளுக்குத் தெரியும். "ஏய், தள்ளிப் போங்க, நான் கெட்டவன்" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் இன்னும் நெருங்கின. வளையலுக்குப் பதில் அல்வாவைக் காட்டி மயக்கினால் என்ன என்று அவரே யோசனை சொன்னார். ஆசீர் பிரதர் சரி என்றார். முதல் தடவை பெர்சியாள் வாங்கித் தின்றுவிட்டாள். இரண்டாம் தடவையும் தின்றாள். மூன்றாம் தடவை, "பிள்ள ஜெயிக்கவே மாட்டேங்குதே" என்று ஆசீர் பிரதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பெண்கள் பக்கம் ஓரமாக நின்று சிரித்தேன். இருமல் என்று எழுதலாம். எழுதவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தால் நினைவு வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

உடுப்பு முடிந்தது. கழுத்துப் பட்டை ஓரத்துக்கு மாதுளைச் சிவப்பில் பைப்பிங் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, அழகாக இருக்கும் என்று நானே வைத்தேன்.

பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது ஒன்று தோன்றியது. எழுதுவதா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். வடக்கே இருக்கிற சகோதரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் தெரிவதில்லை. நான்தான் தெரிகிறேன். வெள்ளைச் சேலையில், தலையில் முக்காடு, காட்டு வழியில் நடந்துபோகிறேன். நம் சபையில் எல்லோரும், "எப்சிபாய் எல்லாத்தையும் விட்டுட்டு ஊழியத்துக்குப் போனா, அவளைப் போல உண்டுமா" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனிக்கிறது. அல்வாவைவிட இனிக்கிறது என்பதுதான் உண்மை. அந்த மனிதருக்குப் பெண் வேண்டும், எனக்குப் பெயர் வேண்டும்.

சாத்தான் சிவப்பு போட்டுக்கொண்டு வந்தால் அடையாளம் கண்டுவிடலாம். பாஸ்டர் ஐயா ஒரு வெள்ளை உடுப்பும் தைக்கச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

கன்வென்ஷன் முதல் நாள். பந்தல் நிறையக் கூட்டம்.

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். இதைப் பாஸ்டரம்மா கையில் கொடுக்க முடியாது. கடையில் புது நோட்டு ஒன்று வாங்கி, வேண்டாததை விட்டுவிட்டு நல்லபடியாகப் பார்த்து எழுதினேன். மொத்தம் பதினோரு வரி வந்தது.

பிப்ரவரி 21, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். ஜெபநேசன் பிரதர் மேடைக்கு வந்ததும் பந்தலில் ஒரு பெருமூச்சு. விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு அப்படி மின்னியது. முதல் வரிசையில் இருந்த பாஸ்டர் ஐயாவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் ஊசி, நூல், கத்தரிக்கோலோடு நின்றேன். தைத்த உடுப்பு மேடை ஏறும்போது தையற்காரி பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் பாட்டில் அவர் இரண்டு கையையும் தூக்கி, "உலகத்தையே உனக்குத் தருவேன்" என்றார். டர்ர் என்று ஒரு சத்தம். மைக்கில் இன்னும் பெரிதாகக் கேட்டது. முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் விட்டுப்போய், உள்ளே பனியன் தெரிந்தது. பனியனில் இரண்டு ஓட்டை. சாத்தான் சுவரோடு முதுகை வைத்துக்கொண்டு நின்றார். பெர்சியாள் வசனத்தை மறந்துவிட்டாள்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். படியேறிப் போய், "திரும்புங்க" என்றேன். திரும்பினார். ஊரும் சபையும் பார்க்க, சாத்தானுக்குப் பின்னால் நின்று தைக்க ஆரம்பித்தேன்.

"சட்டை அளவு சரியாத்தானே வச்சேன்" என்றேன் மெதுவாக.

"அது என் கலியாணச் சட்டை சிஸ்டர். பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்றார் அவரும் மெதுவாக. "கிழியாததா அது ஒண்ணுதான் இருந்துச்சு. உங்க கைக்குப் போவுதுன்னு..."

எனக்கு ஊசி கை விரலில் ஏறியது. அந்த நேரம் பார்த்து அவர், நாடகம் நிற்கக்கூடாது என்று, மறுபடி கையைத் தூக்கி வசனத்தைத் தொடங்கினார்.

"சாத்தானே, கையத் தூக்காதீங்க, தையல் விட்டுரும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மைக் அவர் கழுத்துப் பட்டையில் இருந்ததை மறந்துபோனேன்.

முதலில் பிள்ளைகள் சிரித்தன. பிறகு பெண்கள் பக்கம். பிறகு ஒரு பெரிய சத்தம், யாரென்று பார்த்தால் பாஸ்டர் ஐயா. பதினெட்டு வருஷமாக அவர்களைத் தெரியும், பல் தெரிந்து பார்த்ததில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "சாத்தானுக்கு இம்புட்டு மரியாதையா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெர்சியாள் அந்த நேரத்தில் சுதாரித்துக்கொண்டு, "கிழிஞ்ச சட்டைக்காரா, உன்னால உலகத்தைத் தர முடியுமா" என்று சொந்தமாக ஒரு வசனம் போட்டாள். பந்தல் கைதட்டியது. அந்தப் பிள்ளை கடைசியில் ஜெயித்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வேறு விதமாக எழுத வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை இரண்டு நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெண்கள் வரிசையில் நின்று ஒவ்வொருத்தராகக் கொடுத்தார்கள். என் முறை வந்தது. பதினோரு வரி நோட்டுக் கைக்கு வந்தது. அது வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதைப் பைக்குள் போட்டுவிட்டு இதைக் கொடுத்தேன். இனி சபையில் முகத்தைக் காட்ட முடியாமல் போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, உபவாசம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பாஸ்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். சமையல் பந்தலுக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நோட்டு.

"ஏட்டி எப்சி, ஒண்ணு கேக்கேன். வடக்க இருக்க தம்பிக்குப் பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. கடிதத்தில் கீழே கையெழுத்து இருந்தது, படத்துக்குப் பின்னாலும் எழுதியிருந்தது. எனக்கு வரவில்லை.

"நானும் மொத நாள்லேருந்து தேடிட்டே வாரேன். ஒரு எடத்துலயும் காணோம். ஜெபநேசன் பேரு எத்தனை தரம் வருதுன்னு எண்ண ஆரம்பிச்சேன், கண்ணு வலிச்சிட்டு, விட்டுட்டேன்." நோட்டை மூடினார்கள். "நீ சித்தம் தெரியலன்னு சொல்லுத. வாசிக்குத எனக்கு நல்லாத் தெரியுது."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லாமல் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.

"அவன் நோட்ட ஐயா காலையில வாசிச்சாங்க. பத்தாம் தேதியிலேருந்து தெனமும் ஒரே வரிதான் எழுதிருக்கான். 'சட்டை இன்னும் திரும்பி வரல. ஸ்தோத்திரம்.' ஐயா அத என்னமோ துணிக் கவலைன்னு நெனச்சு, அவனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுக்கணும்னு சொல்லிட்டிருக்காங்க. சாயங்காலம் நான் வெளங்கச் சொல்லுதேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். பாஸ்டரம்மாவும் சிரித்தார்கள். எழுந்திருக்கப் போனவர்கள் மறுபடி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சேலைய என்ன செஞ்ச?" என்றார்கள்.

"பெட்டியில இருக்கும்மா."

"கலியாணத்துக்கு அதையே கட்டு. யாரும் கேட்டா வெள்ளைன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்து பாபின் பெட்டியைத் தூக்கிப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்தேவான் என்று எழுதியிருக்கிறது. நல்ல பெயர். நடக்கத் தெம்புள்ள, கோதுமை ஒத்துக்கொள்கிற, அவர் முகத்தை நினைக்கிற பெண் அவருக்குக் கிடைக்க வேண்டும். இன்று அதற்காக ஜெபித்தேன். இந்த இருபத்தொரு நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஜெபம் அதுதான்.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்றே பாஸ்டரம்மா நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இனி இதை வாசிக்க யாரும் இல்லை. இருந்தாலும் பக்கம் மீதி இருக்கிறது.

சட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ்டரம்மா துணைக்கு வந்தார்கள். ஜெபநேசன் பிரதர் வாங்கி, மூன்றாவது பொத்தானைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"இது எனக்கு இப்ப பத்தாதே" என்றார்.

"புதுசு தைக்கலாம். நில்லுங்க" என்றேன். பாஸ்டரம்மா அல்வாத் தட்டைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் தோளில் கிடந்த நாடாவை எடுத்தேன்.

சோதனை: இல்லை.
ஜெயம்: மார்பு நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டில் தைத்தால் கிழியாமல் என்ன செய்யும்.